நான்காம் தொட்டி

விருத்தாசலம்
18.11.2024

அன்புள்ள யுவஸ்ரீக்கு,

சிங்காரவேல் எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. மழையோடு வந்தது, மழையோடு போய்விடும் என்கிறாள். உனக்கு அந்த ஊர் உப்புக் காற்று ஒத்துக்கொள்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

நீ வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. தீபாவளியன்று போனில், "நீங்க ம், ம்னு சொல்றதக் கேட்டுக் கேட்டுக் காதே புளிச்சுப்போச்சு. சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தா எழுதுங்க, இல்லனா விடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அன்றிலிருந்து என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. பீங்கான் கம்பெனியில் சூளைப் பதிவேட்டைத் தவிர வேறெதுவும் எழுதாத கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இப்போது சொல்ல ஒன்று கிடைத்திருக்கிறது. நீ கொல்லையில் கட்டி வைத்துவிட்டுப் போன நாலு தொட்டியிலும் விரால் குஞ்சுகளுக்கு முதுகு வளைகிறது. விரல் நீளம் வந்த குஞ்சுகள். தலைக்குப் பின்னால் நேராக வந்து, நடுவில் தொய்ந்து, வால் பக்கம் மறுபடி தூக்கிக்கொள்கிறது. சிலதுக்குப் பக்கவாட்டில் வளைவு. நூற்றுக்கு இருபது அப்படி இருக்கும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, சொத்தத் தொலச்சவன் மாரி எல்லாம் கூன் போட்டுக்கிட்டுத் திரியுது" என்றாள்.

நான் எதையும் மாற்றவில்லை. அதே போர் தண்ணீர், அதே தீவனம். சொல்லப்போனால் முன்பைவிடக் கவனமாகத்தான் பார்க்கிறேன். நீ கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போன தீவன மூட்டை இந்த அடைமழையில் பூசணம் பிடித்துவிட்டது. புது மூட்டையைக் கம்பெனிக்கே கொண்டுபோய், சூளையை ஒட்டின உலர்த்தும் அறையில் வைத்துவிட்டேன். பச்சை மண்ணையே மொறுமொறு என்று காய வைக்கிற அறை, அங்கே ஈரம் எட்டிப் பார்க்குமா? வாரத்துக்கு வேண்டியதை டப்பாவில் எடுத்து வருகிறேன். அப்பளம் மாதிரி இருக்கிறது. இதற்காவது நீ என்னைப் பாராட்டலாம்.

மீன்வளம் படித்தவள், நீ ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். உனக்கு அங்கே வேலை இருக்கும். எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
சிங்காரவேல்


வேதாரண்யம்
30.11.2024

மாமாவுக்கு யுவஸ்ரீயின் வணக்கம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தைக்கு வேப்பெண்ணெயை லேசாகச் சுட வைத்துத் தேய்த்துவிடுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நீங்களும் கேட்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். பிரித்தால் மீன். ஆறு வருடமாக என்னால் உங்களிடமிருந்து ஒரு பக்கம் வாங்க முடியவில்லை. கூன் விழுந்த விரால் இரண்டு பக்கம் வாங்கிவிட்டது.

இங்கே கொடுவா மீன் குஞ்சு பொரிக்கிறோம். எனக்குக் கொடுத்திருப்பது பொரித்து முதல் இரண்டு வாரத்துக் குஞ்சுகள். கண்ணும் வயிறும் மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் கண்ணாடி. அவை ஒருநாள் தண்ணீருக்கு மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்க வேண்டும். அதில்தான் காற்றுப்பை நிரம்பும். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் முட்டி முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பை நிரம்பாத குஞ்சு மூழ்காமல் இருக்க உடம்பை நிமிர்த்தி நிமிர்த்தி நீந்தி, முதுகு வளைந்தே வளரும். அதனால் காலையில் முதல் வேலை எனக்குப் படலம் வழிப்பதுதான். பிடித்த வேலை. இதை ஊரில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய்ப்பே இருந்ததில்லை.

மார்ச் 31 வரை நான் தற்காலிகம். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். "யோசிச்சு சொல்லும்மா, வூட்டுலயும் ஒரு வார்த்த கேட்டுக்க" என்றார் மேலாளர் சிவசங்கரி மேடம். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விராலுக்கு வருகிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மோட்டார் குழாய் தொட்டியில் எவ்வளவு வேகமாக விழுகிறது? ஓட்டம் அதிகமானால் குஞ்சுகள் அதை எதிர்த்தே நீந்தி முதுகு வளையும். குழாயைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்து எழுதுங்கள்.

யுவஸ்ரீ


விருத்தாசலம்
9.12.2024

அன்புள்ள யுவஸ்ரீக்கு,

அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். "யாரு சொல்லி செய்யிற?" என்று உடனே கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். உனக்குச் சளி பிடிக்கவில்லையே? அந்தப் பக்கம் புயல் என்று செய்தியில் சொன்னார்கள்.

குழாயைத் திருப்பிவிட்டேன். இப்போது தண்ணீர் சுவரில் பட்டு மெதுவாக வழிகிறது. குஞ்சுகளுக்கு நிம்மதிதான், ஆனால் வளைந்தது வளைந்தபடியே இருக்கிறது. புதிதாகவும் சில வளைகின்றன. சேத்தியாத்தோப்பு பாண்டியன் வந்தான். நமக்குக் குஞ்சு விற்கிறவன்தான், உனக்குத் தெரியுமே. தொட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, என் குஞ்சுல ஒரு கொறையும் இல்லீங்க. அண்ணி இருந்த வரைக்கும் நேராத்தான இருந்துச்சு" என்றான். அவன் வியாபாரத்துக்காகச் சொன்னான். நான் டீ போடப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

காற்றுப்பை விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். நீ அங்கே வலை வைத்துக்கொண்டு படலம் வழிக்கிறதை நினைத்துப் பார்க்கிறேன். எந்தப் புடவை என்று தெரியாததால் முழுதாகத் தோன்றவில்லை. அங்கே புடவை கட்டுகிறாயா, சுடிதாரா?

கையெழுத்து விஷயம் எழுதியிருந்தாய். நல்ல வேலை என்று தெரிகிறது. அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று எழுது.

இப்படிக்கு,
சிங்காரவேல்


வேதாரண்யம்
29.12.2024

மாமாவுக்கு,

வணக்கம். சளி இல்லை, புயலும் இல்லை. நீங்களும் அத்தையும் குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

பதில் தாமதம் என்று நினைத்திருப்பீர்கள். வேலை என்று காரணம் எழுதலாம். உண்மை என்னவென்றால், கையெழுத்து விஷயத்துக்கு நீங்கள் எழுதிய 'நல்ல வேலை என்று தெரிகிறது' என்ற வரியை மூன்று வாரமாக ஜீரணம் செய்துகொண்டிருந்தேன். ஆகஸ்டில் பஸ் ஸ்டாண்டில் என் பையை மேலே தூக்கி வைத்தீர்கள். தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தீர்கள். கண்டக்டரிடம் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கித் தந்தீர்கள். பஸ் கிளம்புகிற வரை நின்றீர்கள். வாயை மட்டும் திறக்கவில்லை.

சுடிதார்தான். பச்சை. முட்டி வரை நனைந்திருக்கும்.

பாண்டியனிடம் ஒன்று கேளுங்கள். அவன் ஜோடி சேர்க்கும் ஆணும் பெண்ணும் ஒரே தாய்க்குப் பிறந்தவையா? கூடப் பிறந்ததோடு கூடப் பிறந்ததைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் முள்ளில் குறை வரும். இப்போதுள்ள குஞ்சுகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, வேறு ஜோடியின் குஞ்சை வாங்கி நாலு தொட்டியிலும் விட்டுப் பாருங்கள்.

யுவஸ்ரீ

பி.கு. புதுக் குஞ்சு விடும்போது தீவனமும் புது மூட்டையாக வாங்கிவிடுங்கள். கம்பெனியில் வைக்க வேண்டாம். பழையபடி கட்டிலுக்கடியிலேயே, பலகை போட்டு, வாயை இறுக்கிக் கட்டி வையுங்கள்.


விருத்தாசலம்
28.1.2025

அன்புள்ள யுவஸ்ரீக்கு,

நாங்கள் நலம். பொங்கல் முடிந்தது. அம்மா ஒரு படி அரிசி அதிகமாகப் போட்டுவிட்டு, பாதி வெந்தபிறகு, "அட, ரெண்டு பேருதான இருக்கோம்" என்றாள். மூன்று நாள் பொங்கலே சாப்பிட்டோம். உனக்கு அங்கே யார் பொங்கினார்கள்?

பாண்டியன் வேறு ஜோடியின் குஞ்சு கொடுத்தான். ஜனவரி மூன்றாம் தேதி விட்டேன். நீ சொன்னபடி புதுத் தீவன மூட்டையும் வாங்கி, கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். உன் பக்கத்துக்கு அடியில். என் பக்கத்தில் அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டி இருக்கிறது.

ஆனாலும் மறுபடி வளைகிறது. நேற்றுதான் பார்த்தேன். வடக்கு ஓரத்து நான்காம் தொட்டியில் பன்னிரண்டு குஞ்சுக்கு ஆரம்பித்திருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுத்தில் விளக்க முடியாத விஷயம் இது என்று நினைக்கிறேன். யாராவது தெரிந்தவர்கள் நேரில் வந்து பார்த்தால் நல்லது.

பஸ் ஸ்டாண்ட் விஷயம் படித்தேன்.

இப்படிக்கு,
சிங்காரவேல்


வேதாரண்யம்
8.2.2025

மாமாவுக்கு வணக்கம்.

நலமாக இருக்கிறேன். பொங்கல் இங்கே ஹாஸ்டல் சமையல்கட்டில் வைத்தோம். தமிழினி என்று என்னோடு வேலை பார்க்கும் பெண் வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை போட்டுவிட்டாள். வெள்ளையாக இருந்தது. நான் பேசாமல் சாப்பிட்டேன், அதில் நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள்.

உங்கள் கடிதம் என்னைக் குழப்பிவிட்டது. புதுக் குஞ்சு, புதுத் தீவனம், மெதுவான ஓட்டம். இதற்குப் பிறகும் வளையக் கூடாது. வளையவே கூடாது மாமா. ஒன்றுதான் பாக்கி. கம்பெனியில் மெருகுப் பூச்சு பட்ட சட்டையைக் கொல்லையில் எங்கே துவைக்கிறீர்கள்? அந்தப் பூச்சில் ஈயம் இருக்கலாம். அந்தத் தண்ணீர் வடக்குத் தொட்டிக்குக் கசிந்தாலும் குஞ்சுக்கு ஆகாது. துவைக்கும் கல்லைத் தெற்கே மாற்றுங்கள்.

மாசி மகத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். மார்ச் 12 காலையில் வருகிறேன். தொட்டியைப் பார்க்கிறேன்.

யுவஸ்ரீ


விருத்தாசலம்
19.2.2025

அன்புள்ள யுவஸ்ரீக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கால்வலி காணாமல் போய்விட்டது. நீ வருகிறாய் என்று சொன்ன அன்றைக்கே போனது.

துவைக்கும் கல்லை மாற்றிவிட்டேன். கொல்லை ஓடு இரண்டு உடைந்திருந்தது, அதையும் மாற்றினேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "ஏன்டா, மீனப் பாக்க வரச் சொன்னியா, அவள வரச் சொன்னியா?" என்று கேட்டாள். "மீனப் பாக்கத்தாம்மா" என்றேன். "நீ உருப்பட மாட்ட" என்று உள்ளே போய்விட்டாள்.

பன்னிரண்டாம் தேதி கூட்டமாக இருக்கும். சிதம்பரம் பஸ்ஸில் வா. நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

சிங்காரவேல்


விருத்தாசலம்
13.3.2025

யுவஸ்ரீக்கு,

நலம் விசாரிக்கத்தான் ஆரம்பிக்கிறேன். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நேற்று நீ வரவில்லை. போன் அடித்தேன், அணைத்து வைத்திருந்தாய். குஞ்சு பொரிக்கிற இடத்துக்குள் போனை எடுத்துப்போகக் கூடாது என்று முன்பு சொல்லியிருக்கிறாய். லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

காலை ஐந்தரைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். மணிமுத்தாற்றில் நீராட வந்த கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டிருந்தது. சிதம்பரம் பக்கமிருந்து வந்த எந்த பஸ்ஸையும் விடவில்லை. ஏறி உள்ளேயும் பார்த்தேன், நீ தூங்கிப்போயிருந்தால் என்ன செய்வது என்று. ஒரு கண்டக்டர், "யாரத் தேடுறீங்க?" என்றார். "வூட்டுக்காரங்களத்தான்" என்றேன். "சண்டையாங்க?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அவரே மறுபடி வந்து, "இன்னமும் நிக்கிறீங்களா?" என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் அறிவழகன் என்றார். அவரோடு பேசிய அளவுக்குக்கூட நான் உன்னோடு பேசியதில்லை என்று டீ குடிக்கும்போது தோன்றியது.

அதனால் இன்று உள்ளதை எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

ஜனவரியில் புது மூட்டை வாங்கியபோது பழையதில் பாதி மீதி இருந்தது. கம்பெனியில் ஒரு கை மண்ணைக்கூடத் தூர எறிய மாட்டோம், அந்தப் புத்தி. பழையதை நான்காம் தொட்டிக்கும் புதியதை மற்ற மூன்றுக்கும் போட்டேன். எந்த டப்பா எந்தத் தொட்டிக்கு என்று சூளைத் தட்டுக்குப் போடுகிற மாதிரி சாக்பீஸில் எண்ணும் போட்டேன். மூன்று வாரத்தில் மூன்று தொட்டியும் ஊசி மாதிரி நேராக வந்தது. நான்காவது மட்டும் வளைந்தது. காரணம் தண்ணீரும் இல்லை, ஜோடியும் இல்லை, ஓட்டமும் இல்லை. நான் சூளை ஓரம் காய வைத்த தீவனம். பாராட்டச் சொன்னேனே, அதே தீவனம்.

தெரிந்த அன்றைக்கே அதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் குஞ்சுகள் நேராகிவிடும், நேராகிவிட்டால் உனக்கு எழுத எனக்கு ஒன்றும் இருக்காது. நீயும் வர வேண்டிய அவசியம் இருக்காது. அதனால் தொடர்ந்து அதையே போட்டேன். ஒன்றரை மாதம். ஒவ்வொரு தடவை போடும்போதும் அவை என் கை நிழலைக் கண்டு ஓடி வந்தன. எனக்கு நல்ல கதி கிடைக்காது.

நேற்று மாலை பழைய மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்தேன். வளைந்தவற்றை விற்க மாட்டேன், கொல்லவும் மாட்டேன்.

சிங்காரவேல்


வேதாரண்யம்
14.3.2025

மாமாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பது எனக்குத் தெரியும். நேற்று முன்தினம் உங்கள் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

நான் வந்தேன். பஸ்ஸெல்லாம் மாசி மகக் கூட்டம் என்று கடலூர் வந்து ரயில் ஏறினேன். உங்களிடம் சொல்ல போனை எடுத்தால் உயிர் இல்லை, சார்ஜ் போட மறந்திருக்கிறேன். ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, எட்டு மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் நின்றேன். பூட்டியிருந்தது. அத்தை ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள் என்று எதிர் வீட்டு வீராயி அக்கா சொன்னார்கள். நான் வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று பிறகு அவர்களிடம் கேட்டுக்கொண்டேன். புதுச் சுண்ணாம்பு வாசம் வந்தது. எனக்காக அடித்தது என்று தெரிந்து, அங்கேயே கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் கொல்லைப் பக்கம் சுற்றிப் போனேன்.

மூன்று தொட்டி நேராக இருந்தது. நான்காவதில் இரண்டு டஜன் குஞ்சு நெளிந்துகொண்டிருந்தது. சுவர் மேல் இரண்டு டப்பா. ஒன்றில் '1, 2, 3', இன்னொன்றில் '4'. உங்கள் எழுத்து. நாலாவது டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். வறுத்த மாவு வாசம்.

நீங்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்பீர்கள் என்று தெரியும். ஆனால் அப்போது வந்த கோபத்தில் உங்களைப் பார்த்தால் என்ன பேசியிருப்பேனோ. பதினைந்து நிமிடம் நின்றுவிட்டு வேறு ஆட்டோவில் ஜங்ஷனுக்குத் திரும்பினேன். கொடியில் உங்கள் நீலச் சட்டை ஈரமாகத் தொங்கியது. காய்ந்திருந்தால் மடித்து வைத்திருப்பேன்.

ரயிலில் கடலூர் வரும்வரை உங்களைத் திட்டினேன். பிறகு திட்டுவதற்கு என் வாய்க்குத் தகுதி இல்லை என்று தோன்றியது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

மாமா, உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. உலர்த்தும் அறை என்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. தீவனத்தில் வைட்டமின் சி சேர்த்திருப்பார்கள், சூடு பட்டால் அதுதான் முதலில் அழியும். அது இல்லாவிட்டால் வளரும் குஞ்சுக்கு முள் உறுதிப்படாது, முதுகு வளையும். கல்லூரியில் முதல் வருடமே சொல்லித் தந்தது. ஒரே வரியில் எழுதி அனுப்பியிருந்தால் டிசம்பரிலேயே எல்லாம் சரியாகியிருக்கும். நன்றி என்று ஒரு வரி நீங்கள் எழுதியிருப்பீர்கள். அதோடு முடிந்திருக்கும். அதனால் ஓட்டம் என்றேன். அடுத்து ஜோடி என்றேன். ஒரே கடிதத்தில் கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். ஒரு காரணத்துக்கு ஒரு கடிதம் வரும் என்று கணக்கு. மனசு கேட்காமல்தான் பி.கு.வில் புது மூட்டை வாங்கச் சொன்னேன். அதற்கும் முன்னால் ஒரு மாதம் நானும் பேசாமல் இருந்தேன்.

உங்களுக்குப் பேசத் தெரியாது என்று ஆறு வருடம் குறை சொன்னேன். எனக்கு மட்டும் என்ன தெரிந்தது?

31ஆம் தேதி கையெழுத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இப்போது நேராகவே கேட்கிறேன். மீனைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

யுவஸ்ரீ


விருத்தாசலம்
20.3.2025

என் யுவஸ்ரீக்கு,

அம்மா நலம். நான் நலமில்லை. நலம் என்று நான் இதுவரை எழுதியதெல்லாம் பொய்.

நீ வீட்டுக்குப் பின்னால் நின்றபோது நான் ஒரு மைல் தூரத்தில் பஸ்ஸுக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்த நீலச் சட்டையை இன்னும் எடுத்து மடிக்கவில்லை. நீ தொட்டது என்று அம்மாவிடம் சொல்ல முடியுமா? கொடியில் அப்படியே கிடக்கிறது.

ஆகஸ்டில் போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. படித்த பெண்ணை வீட்டில் உட்கார வைத்த பாவம் ஏற்கனவே ஆறு வருடம் என் தலையில் இருந்தது. போகாதே என்றால் அது ஏழாகும். சந்தோஷமாகப் போய் வா என்று சொன்னால் பொய்யாகும். இரண்டில் எதையும் சொல்ல முடியாமல் ஜன்னல் சீட்டு கேட்டேன். எனக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான்.

நீ கேட்டதால் நேராகச் சொல்கிறேன். நீ இல்லாமல் என்னால் முடியவில்லை. காலையில் இரண்டு தம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறேன், தினமும். கையெழுத்துப் போடாதே யுவஸ்ரீ. வந்துவிடு. இப்படிக் கேட்பது நியாயமில்லை. அந்தக் கண்ணாடிக் குஞ்சுகளைப் பற்றி நீ எழுதியதைப் படித்தவன் இப்படிக் கேட்கக் கூடாது. கேட்காமல் இருந்து பார்த்துவிட்டேன், அதைவிட இது மேல்.

உன்
சிங்காரவேல்


வேதாரண்யம்
4.4.2025

மாமா,

நீங்கள் நலமில்லை என்று எழுதியதைப் படித்து, முதல் தடவையாக எனக்குக் கொஞ்சம் நலமாக இருக்கிறது. அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. உள்ளே மார்ச் 20 என்று போட்டிருக்கிறீர்கள். தபால் முத்திரை மார்ச் 29. ஒன்பது நாள் அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையில். சூளைக்கும் வீட்டுக்கும் போய்ப் போய் வந்திருக்கும். தாளின் மடிப்பெல்லாம் வியர்வையில் ஊறியிருக்கிறது.

29ஆம் தேதி சனிக்கிழமை மத்தியானம் தபால்காரர் வந்து போனார். எனக்கு ஒன்றும் இல்லை என்றார். 31ஆம் தேதி ரம்ஜான், தபால் கிடையாது. அன்று சாயங்காலம் ஐந்து மணி வரை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என்னம்மா, யாருக்காக வெயிட் பண்ற?" என்று சிவசங்கரி மேடம் கேட்டார்கள். யாருக்காகவும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருடம்.

உங்கள் கடிதம் அதற்குள் வந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அப்போதும் போட்டிருப்பேன். எனக்கு இந்த வேலை வேண்டும் மாமா. ஆனால் அழுதுகொண்டே போட்டிருக்க மாட்டேன்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. விருத்தாசலத்தில் காலை நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் சிதம்பரம், அங்கிருந்து நாகப்பட்டினம், அங்கிருந்து வேதாரண்யம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். இந்த ஞாயிறு முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு. எந்த ஞாயிறு என்று நீங்கள் சொல்ல வேண்டாம். எல்லா ஞாயிறும் பதினோரு மணியிலிருந்து நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

பதில் எழுதி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். எழுதவே எழுதாதீர்கள். அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி வாருங்கள்.

உங்கள்
யுவஸ்ரீ